மூக்கு சம்பத்தின் புளிச்ச தீவனம்

சித்தூரில் மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்த்த யாரிடமாவது 'மூக்கு சம்பத்' என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். அது நான்தான். என் மூக்கு கொஞ்சம் பெரிசு என்பது உண்மை. ஆனால் பெயர் அதனால் வரவில்லை. இருபத்தாறு வருஷம் ஒரு தொழிற்சாலையின் லேபில் இருந்தேன். தோத்தாபுரி மாங்கூழை ஒரு ஸ்பூன் எடுத்து மூக்குக்குக் கீழே காட்டினால் போதும், பழம் இன்றைக்குப் பறித்ததா, இரண்டு நாள் லாரியில் வெந்து வந்ததா என்று சொல்லிவிடுவேன். மெஷின் அரை மணி நேரம் கழித்து அதையே சொல்லும். என் நைனா நகரியில் பவர்லூம் ஓட்டியவர், அந்தச் சத்தத்தில் காது மந்தமாகிப் போனவர். எங்கள் குடும்பத்தில் மூக்கை வைத்துப் பிழைத்த முதல் ஆள் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

2021 மே மாதம் கொரோனா வந்து பதினேழு நாள் பின்னறையில் கிடந்தேன். எழுந்து வேலைக்குப் போன முதல் நாள் ஸ்பூனை எடுத்து முகர்ந்தேன். வெந்நீரை முகர்ந்த மாதிரி இருந்தது. இன்னொரு டின், அதுவும் வெந்நீர். பினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன், அதுவும் வெந்நீர்தான். டாக்டர் சில வாரத்தில் சரியாகிவிடும் என்றார். எத்தனை வாரம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் கௌரவமான பதில் எதுவும் என்னிடம் இல்லை. மூக்கு சம்பத்துக்கு மூக்கே போய்விட்டது என்று கேன்டீனில் சிரிப்பார்களே என்ற பயம். அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் ரேஷ்மா என்ற பெண் லேபுக்கு உதவியாளராக வந்திருந்தாள். பி.எஸ்ஸி. முடித்த கையோடு வந்தவள். எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வாள். நான் ஸ்பூனை அவளிடம் நீட்டி, பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்.

"சொல்லும்மா, என்ன தெரியுது?"

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஓரத்துல லேசா புளிப்பு அடிக்குது."

"ம். நல்லா கவனிச்சிருக்க. தள்ளி வை."

இப்படியே இரண்டு சீசன் ஓட்டினேன். அவள் சொன்னதை நான் சொன்னதாகக் கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தினார்கள். ரேஷ்மா மைக்கைப் பிடித்து, "மத்தவங்க அவங்களே பாத்துட்டு முடிவைச் சொல்லுவாங்க. சம்பத் சார் மட்டுந்தான் என்னைக் கேட்டுக் கேட்டுக் கத்துக்குடுத்தாரு" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

வீடு கட்டமஞ்சிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதில் என் மனைவி வெங்கடலட்சுமி ஏழு நாட்டுக்கோழி வளர்த்துக்கொண்டிருந்தாள். காலையில் நொய், கொஞ்சம் கம்பு, தவிடு, மீந்த சோறு. கோழிகள் அதைத் தின்று, மண்ணைக் கிளறி, வேண்டிய அளவு முட்டை வைத்தன. பத்து வருஷமாக ஒரு குறையும் இல்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இதுதான் தாங்காது. குறையே இல்லாத இடத்தில் அவனுக்கு என்ன வேலை?

ஒரு நாள் போனில் ஒரு வீடியோ வந்தது. கோழித்தீவனத்தைத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் கொடுத்தால் எளிதில் செரிக்கும், தீவனம் குறைவாகப் பிடிக்கும், மஞ்சள் கரு நல்ல நிறமாக இருக்கும் என்றது. மோர் மாதிரி புளிப்பு வாசனை வந்தால் பதம், அழுகல் வாசனை வந்தால் கொட்டிவிட வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷம் புளிக்காமல் காப்பாற்றியவனுக்குப் புளிக்க வைக்கத் தெரியாதா?

"கோழிங்க நல்லாத்தான இருக்குது" என்றாள் வெங்கடலட்சுமி.

"நல்லா இருக்கறது வேற, இன்னும் நல்லா இருக்கறது வேற" என்றேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற ஒரு நீல டிரம் வாங்கினேன். நொறுக்கிய மக்காச்சோளம், கம்பு, தவிடு, கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு எல்லாவற்றையும் கொட்டி, மேலே நாலு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்றினேன். பிறகு, தொழிற்சாலைப் பழக்கம், காற்று புகாமல் மூடியைப் போட்டு வளையத்தை நன்றாக இறுக்கினேன். உப்பின டின்னை இருபத்தாறு வருஷம் ஒதுக்கியவன் நான். உள்ளே புளித்தால் காற்று உண்டாகும், காற்றுக்கு வழி இல்லாவிட்டால் உப்பும் என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்தருக்கும் வகுப்பு எடுத்தவன் நான்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு டிரம் வெடித்தது. மூடி பறந்து போய்த் தகரக் கூரையில் அடித்தது. கோழிகள் ஏழும் ஏழு திசையில் ஓடின. புளித்த மக்காச்சோளம் மதில் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு லட்சுமம்மா அப்போதுதான் உதறிக் காயப்போட்ட துணி மேல் மழையாகப் பெய்தது.

லட்சுமம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்கிறவள். என் வயதுதான் இருக்கும். தெலுங்கில் கோபம் வந்து தமிழில் திட்டுவாள்.

"ஏமய்யா சம்பத்து! உங்கூட்டுல இன்னா பாம் செய்யறியா? நானும் தினம் மாவு புளிக்க வெக்கறேன், ஒரு நாளாவது உம்மேல வந்து வுழுந்திருக்குதா?"

துணியை எல்லாம் நான்தான் துவைத்துக் கொடுத்தேன். ஒரு புடவையில் மட்டும் கறை போகவில்லை. அதை அவள் மதில் பக்கம் வரும்போதெல்லாம் வேண்டுமென்றே கட்டிக்கொண்டு வருவாள்.

அதன் பிறகு மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்தேன். காரியம் கைகூடியது. கோழிகள் டிரம்மைக் கண்டாலே ஓடி வந்தன. மஞ்சள் கரு நிஜமாகவே நிறம் ஏறியது. நான் டீக்கடையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னேன். லேபிலிருந்து கொண்டு வந்த புளிப்புப் பார்க்கிற தாள் கொஞ்சம் இருந்தது. அதை நனைத்து, நிறம் மாறுவதைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, தலையை ஆட்டுவேன். மூக்குப் பக்கம் மட்டும் எதையும் கொண்டு போகவில்லை. லட்சுமம்மா தினமும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னிக்கு மோரு மாதிரி அடிக்குதுய்யா", "இன்னிக்குக் கள்ளுக்கடை மாதிரி கீது" என்று திட்டிக்கொண்டே இருப்பாள். எனக்குத் தெரியாமலேயே அவள்தான் என் மூக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், 2024 மார்ச்சில், வெங்கடலட்சுமி எங்கள் பெண் நந்திதாவைப் பார்க்க சூளூர்பேட்டைக்குப் போனாள். நந்திதா அதற்குப் பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள், புருஷனும் அங்கேதான். பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். பஸ் ஏறும்போது என் மனைவி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கொண்டைக்காரிய பாத்துக்கோங்க." கொண்டைக்காரி என்பது தலையில் கொத்தாக மயிர் வைத்த பெட்டை. என் மனைவி மடியில் ஏறி உட்காரும் ஒரே கோழி.

நல்ல வெயில். மக்காச்சோள மூட்டையின் அடிப்பக்கம் ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தது. கட்டியை உடைத்து அதையும் டிரம்மில் கொட்டினேன். இரண்டாம் நாள் மேலே வெள்ளையாக ஏடு படிந்தது. மெல்லிய வெள்ளை ஏடு வரும், பயமில்லை என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் ஓரமாகப் பச்சையும் கறுப்புமாகப் பூனை மயிர் மாதிரி ஏதோ முளைத்திருந்தது. அதைக் கரண்டியால் வழித்து எறிந்தேன். தாள் நல்ல நிறம்தான் காட்டியது.

சுவருக்கு மேல் லட்சுமம்மாவின் தலை தெரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"யோவ், இன்னாய்யா இது? புளிப்பு இல்லய்யா. எலி செத்தா மாதிரி நாறுது. கொட்டிடு."

"உனக்கு மாவு தெரியும். இது சயின்ஸ். லாக்டிக் ஆசிட் வாசனை அப்படித்தான் இருக்கும்."

"நீ மோந்து பாத்தியா?"

நான் டிரம்முக்கு மேல் குனிந்து, மூச்சை நன்றாக இழுத்து, கண்ணை மூடி, பழைய நாட்களில் எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். "நல்லாத்தான் கீது" என்றேன். பிறகு அள்ளிக் கோழிகளுக்குப் போட்டேன். அவை வழக்கம்போல ஓடி வந்தன. கொஞ்சம் தயங்கின. நான் "பா, பா" என்று கூப்பிட்டதால் தின்றன. அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் இரண்டு கோழி சிறகைத் தொங்கப் போட்டு மூலையில் நின்றன. அதற்கு மறுநாள் அந்த இரண்டும் செத்துக் கிடந்தன. கொண்டைக்காரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாள். வெங்கடலட்சுமிக்குப் போன் செய்து சொன்னேன். அவள் "நான் வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கொண்டைக்காரியை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, தீவனத்தை ஒரு பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆட்டோக்காரர் பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "சார், காலுல ஏதாச்சும் மிதிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கோழிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார் போல, தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஆடு, கன்றுக்குட்டியோடு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் பவ்யா என்று ஒரு சின்ன வயசு அம்மா. கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன கொடுத்தீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். சொன்னேன். புளிக்க வைப்பது, லாக்டிக் ஆசிட், டிரம், தாள், எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். வாசனை எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்தது மேடம்."

அவர் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தார். அடுத்த நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பவுண்டர் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த ஆட்டுக்காரம்மா எழுந்து ஆட்டை இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனார்.

"சார்" என்றார் டாக்டர், மெதுவாக. "இதுவா நல்லா இருந்தது?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெட்டிக்குள் கொண்டைக்காரி ஒரு கண்ணைத் திறந்து மூடினாள். மூன்று வருஷமாக மேனேஜருக்கும், ரேஷ்மாவுக்கும், மனைவிக்கும் சொல்லாததை, முன்பின் தெரியாத பத்துப் பேர் நடுவில் சொன்னேன்.

"எனக்கு மூக்கு வேலை செய்யாது மேடம். கொரோனாவுல போச்சு. எதுவுமே தெரியாது."

டாக்டர் சிரிக்கவில்லை. "அத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். ஆட்டுக்காரம்மாதான், "அய்யோ பாவம், இத்தாம் பெரிய மூக்கு!" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

பூஞ்சை பிடித்த தானியத்தில் விஷம் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். வழித்து எறிந்தால் மேலே உள்ளதுதான் போகும், உள்ளே இறங்கினது போகாது. டிரம்மில் உள்ளதை எல்லாம் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். நல்ல தண்ணீர், காய்ந்த நொய், ஒரு டானிக். பிழைத்தால் பிழைக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது வெங்கடலட்சுமி வாசலில் நின்றிருந்தாள். காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டிருந்தாள். பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, கொண்டைக்காரியை மடியில் வைத்து, விரலால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். நான் எதிரே நின்றுகொண்டு ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வாசனையே..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அடிப்பிடிச்ச பாலுல காபி போட்டுக் குடுத்தேன், கவனிக்காம. நல்லா இருக்குன்னு குடிச்சீங்களே, அன்னிக்கே தெரியும். அப்புறம் வேணும்னே ரெண்டு தடவ அப்படிக் குடுத்துப் பாத்தேன். ரெண்டு தடவையும் நல்லா இருக்குன்னீங்க."

"அப்போ ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். மூணு வருஷமாச்சு." அதுவரை கோழியையே பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "உங்க மூக்கு போனா போவட்டும். அதுக்கு என் கோழி ஏன் சாவணும்?"

போய்க் குழி தோண்டினேன். மூன்றடி ஆழம். லட்சுமம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொண்டைக்காரி நாலாம் நாள் எழுந்து நடந்தாள். மற்ற நாலும் தப்பின. ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கோழி விஷயம் வெளியே வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை. மே மாதம் சீசன் ஆரம்பித்ததும் ஒரு பிற்பகல் தொழிற்சாலைக்குப் போனேன். லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. அத்தனை மாம்பழத்துக்கு நடுவில் நடந்தும் எனக்கு வெயில் மட்டும்தான் தெரிந்தது. லேபில் என் நாற்காலியில் ரேஷ்மா இருந்தாள். எழுந்து நின்றாள்.

உட்காராமலேயே சொல்லிவிட்டேன். ஸ்பூன் நீட்டினது, கேள்வி கேட்டது, சால்வை, எல்லாம். அவள் சிரித்து மன்னித்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. வழியெல்லாம் அந்தக் காட்சியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"சார், அந்த ரெண்டாவது சீசன்ல ஒரு லாட் கூழு வந்துச்சு. எனக்கு சந்தேகமா இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். தப்பா இருந்தா நீங்க திருத்துவீங்கன்னு நம்பிக்கினு சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க."

"அதுக்கு ஒண்ணும் ஆகலியே..."

"ஆகல. ஆனா எனக்கு அப்போ தெரியாதில்ல. இப்பத்தான தெரியுது, அங்க நான் மட்டுந்தான் இருந்தேன்னு."

அவள் கண்ணாடிக் குடுவை ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை. மன்னிப்புக் கேட்டேன். "டீ குடிச்சிட்டுப் போங்க சார்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. இங்கே வீட்டில் டிரம் மறுபடியும் வேலைக்கு வந்தது, புதுச் சட்டதிட்டத்தோடு. மூட்டையின் அடிப்பக்கம் இருப்பது குப்பைக்கு. மூன்று நாளைக்கு ஒரு தரம் டிரம்மைத் தேய்த்துக் கழுவ வேண்டியது நான். முகர்ந்து பார்ப்பது வெங்கடலட்சுமி. அவளுக்குச் சந்தேகம் வந்தால் லட்சுமம்மாவைக் கூப்பிடுவாள். இரண்டு பேரும் டிரம்மின் இரண்டு பக்கமும் குனிந்து நின்று, "கொஞ்சம் பத்தல", "நாளைக்குச் சரியாப் பூடும்" என்று பேசிக்கொள்வார்கள். நான் கரண்டியோடு தள்ளி நிற்பேன். அபிப்பிராயம் சொல்ல ஒரு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் ரேஷ்மா போன் செய்தாள். குரலில் பழைய குழைவு இல்லை, ஆனால் கோபமும் இல்லை. புதிதாக நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள், டின்னில் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று அவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை, வாரத்தில் இரண்டு நாள் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டாள்.

"என்னப் பத்தித்தான் உனக்குத் தெரியுமேம்மா."

"இதுக்கு மூக்கு வேணாம் சார். கண்ணும் கையும் போதும். ஆனா ஒண்ணு. மொதல் நாளே அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்."

சரி என்றேன். போனை வைத்துவிட்டு வெங்கடலட்சுமியிடம் கேட்டேன். அவள் கோழிக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாயும் சனியும் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொன்னதும், யோசிக்கக்கூட இல்லை.

"போய்ட்டு வாங்க" என்றாள். "கோழிங்களாவது ரெண்டு நாள் நிம்மதியாத் துன்னட்டும்."